டில்லன் 550, ஒரு பார்டினி, ஒரு டப்பா மரப்புட்டி

வீட்டில் தோட்டா தயாரிக்கிற டில்லன் பிரெஸ், பார்டினி பிஸ்டல், பிஸ்டல் பிடிக்கு மரப்புட்டி: மூன்றையும் ஒன்றரை வருடத்துக்குள் வாங்கினேன். தலைப்பில் இருக்கும் அதே வரிசையில்தான் வாங்கினேன், அதுதான் தப்பு. தலைகீழாக வாங்கியிருக்க வேண்டும். இந்த மூன்றைப் பற்றியும் கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

நான் நகைத் தொழிலாளி. முப்பது வருடத்துக்கு மேலாகப் பட்டறை, ஒன்பது வருடமாக 25 மீட்டர் சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் ஊசி அடிக்கிற வகை) பிஸ்டல். இந்தப் போட்டி தெரியாதவர்களுக்கு: மொத்தம் 60 தோட்டா. முதல் 30 நிதானமாக, ஐந்து தோட்டாவுக்கு ஐந்து நிமிடம். அடுத்த 30-இல் இலக்கு மூன்று நொடி முகம் காட்டும், ஏழு நொடி திரும்பிக்கொள்ளும். முகம் காட்டும்போது ஒரே ஒரு தோட்டா. கை கீழே இருந்து மேலே வந்து, குறி சேர்ந்து, டிரிகர் விழ வேண்டும். முழு மதிப்பெண் 600. ஒலிம்பிக்கில் கிடையாது, உலகச் சாம்பியன்ஷிப்பில் உண்டு.

நான் 540-ஐச் சுற்றியே நாலு வருடம் சுற்றிக்கொண்டிருந்தேன். 538, 543, 541. ஒரு கட்டத்தில் எனக்குத் தோன்றியது: பெட்டித் தோட்டாவில்தான், அதாவது கடையில் பெட்டியாக வாங்குகிற தோட்டாவில்தான் கோளாறு. மில்லிகிராமில் பழகியவன் அல்லவா, வெடிமருந்துப் பொடியை நானே நிறுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். எங்கள் கிளப்பில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் உண்டு. அவரிடம் சொன்னபோது, "தம்பி, முதல்ல உன் கையைப் பாரு, அப்புறம் தோட்டாவைப் பார்க்கலாம்" என்றார். நான் கேட்கவில்லை. போய் டில்லன் ஆர்எல் 550 வாங்கினேன்.

பிரெஸ்ஸைப் பற்றி முதலில். அதற்கு முன்பு என்னிடம் ஒரு பழைய சிங்கிள் ஸ்டேஜ் பிரெஸ் இருந்தது. அதில் ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் நடக்கும். ஐம்பது கேஸையும் (சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு) முதலில் சைஸ் செய்து (பழைய அளவுக்கு ஒடுக்கி), பழைய பிரைமரை (பொடியைப் பற்றவைக்கிற அடி மூடி) வெளியே தள்ளு, பிறகு டையை (அச்சை) மாற்று, வாயை விரி, பொடி போடு, மறுபடி டையை மாற்று, ரவையை (பாய்ந்து போகிற ஈயக் குண்டை) உட்கார வை, மறுபடி மாற்றிக் கிரிம்ப் செய் (வாயை நெரி). ஐம்பது தோட்டாவுக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். 550-இல் நான்கு ஸ்டேஷன். வட்டமான ஷெல் பிளேட்டில் நான்கு கேஸ்கள் நிற்கும், கைப்பிடியை ஒரு தரம் இழுத்தால் நான்கிலும் நான்கு வேலை நடக்கும். முதல் ஸ்டேஷனில் சைஸும் பிரைமரும், இரண்டாவதில் பொடி, மூன்றாவதில் ரவை, நான்காவதில் கிரிம்ப். ஓட்டம் பிடித்த பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா தட்டில் விழும். வேகக்காரர்கள் மணிக்கு 500 போடுகிறார்கள். என்னுடைய கணக்கு 250. அதற்கு மேல் போக எனக்கு ஆசையும் இல்லை.

இந்தப் பிரெஸ்ஸில் ஷெல் பிளேட் தானாகச் சுற்றாது. இடது கைக் கட்டைவிரலால் நாம்தான் சுற்ற வேண்டும். தானாகச் சுற்றுகிற, ஐந்து ஸ்டேஷன் உள்ள பெரிய மாடல்களையும் அதே நிறுவனம் செய்கிறது. பலர் இதை 550-இன் குறை என்பார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. ஏதாவது உறுத்தினால் கையை நிறுத்திக்கொள்ளலாம், இயந்திரம் நம்மை இழுத்துக்கொண்டு போகாது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சுற்ற மறந்தால் ஒரே கேஸில் இரண்டு தரம் பொடி விழும். எங்கள் ரவை வாட்கட்டர். மூக்கே இல்லாமல் தட்டையாக, கேஸின் வாயோடு வாயாக உள்ளே உட்காரும். கேஸின் பெரும்பகுதியை ரவையே அடைத்துக்கொள்வதால் பொடிக்கு மிச்சம் இருக்கும் இடம் கொஞ்சம்தான். அதில் இரட்டைப் பொடி போனால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்தாலே வயிறு கலங்குகிறது. அதனால் மூன்றாவது ஸ்டேஷனுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு மாட்டியிருக்கிறேன். கல் பதிக்கும்போது பட்டறையில் பயன்படுத்துகிற விளக்குதான். ரவையை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் கண் போக வேண்டும். ஒன்றுகூட விடக் கூடாது.

பொடி அளவைப் பற்றி ஒரு தொழிலாளியின் பேச்சு. இந்த உலகத்தில் எல்லாம் கிரெய்ன் கணக்கு. ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். நம் பழைய குன்றிமணி எடையில் ஏறக்குறையப் பாதி. நான் சுடுகிற .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவுக்குப் போகிற பொடி மிகச் சொற்பம் என்பதால், பத்தில் ஒரு கிரெய்ன் கூடினாலும் குறைந்தாலும் அது பெரிய பங்கு. டில்லனின் பொடிப் பெட்டியில் ஒரு சட்டம் முன்னும் பின்னும் நகர்ந்து அளந்து போடும். எடையை அது பார்ப்பதில்லை, கொள்ளளவைத்தான் பார்க்கும். எனவே செதில் செதிலாக இருக்கும் பொடி சட்டத்தில் ஏறுமாறாக உட்காரும், நுண்ணிய மணியாக இருக்கும் பொடி தண்ணீர் மாதிரி ஓடும். இதற்கென்றே மிகச் சிறிய அளவுக்கான சட்டம் ஒன்று தனியாகக் கிடைக்கிறது. .32-க்கு அதை வாங்கிவிடுங்கள். பெட்டியை நிரப்பியதும் வருகிற முதல் பத்துப் பதினைந்து அளவுகளைத் திரும்பக் கொட்டிவிடுங்கள், பொடி இன்னும் அடங்கியிருக்காது. சரிபார்க்க ஒற்றை அளவை நிறுக்காதீர்கள். பத்து அளவைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுங்கள். பொடித்தங்கத்தை நாங்கள் அப்படித்தான் பார்ப்போம், இங்கேயும் அதுதான் சரி.

எத்தனை கிரெய்ன் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பொடி தயாரிப்பாளர் வெளியிடும் கையேட்டில் உங்கள் ரவைக்கும் உங்கள் பொடிக்கும் உரிய அளவு இருக்கும். அதன் மேல்வரம்பைத் தாண்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கீழ்வரம்புக்குக் கீழே இறங்குவதும் ஆபத்துதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரவை குழாயிலேயே நின்றுவிடும்.

நின்றது. எனக்கே. ஆனால் குறைந்த பொடியால் அல்ல, பொடியே இல்லாமல். ஒரு நாள் ஒரு பிரைமர் கோணலாக உட்கார்ந்தது. அந்தக் கேஸை வெளியே எடுத்துச் சரிசெய்து திரும்ப வைத்தேன். வைத்த இடம் தப்பு, பொடி ஸ்டேஷனைத் தாண்டிய இடம். அப்போது விளக்கும் மாட்டியிருக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பயிற்சியில், இலக்கு முகம் காட்டியது, நான் அழுத்தினேன், "டப்" என்று சோடா மூடி திறந்த மாதிரி ஒரு சத்தம். பிரைமரின் பலம் மட்டுமே ரவையைக் குழாய்க்குள் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தியிருந்தது. ஏழு நொடி இடைவெளி என்னைக் காப்பாற்றியது. அந்தச் சத்தம் சரியில்லை என்று மூளைக்கு உறைக்க எனக்கு மூன்று நொடி ஆனது. பிஸ்டலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு கையைத் தூக்கினேன். கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றி அதையும் சுட்டிருந்தால் குழாய் வீங்கியிருக்கும், அதோடு போயிருந்தால் அதிர்ஷ்டம். தப்பு முழுக்க என்னுடையது, பிரெஸ்ஸுக்கு இதில் பங்கில்லை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: பிளேட்டிலிருந்து நடுவில் எடுத்த கேஸ் அன்றைக்குப் பிளேட்டுக்குத் திரும்பாது. தனி டப்பாவில் போய் உட்காரும்.

வேறு சில்லறை விஷயங்கள். .32-இன் கேஸ் நேரான சுவர் உள்ளது என்பதால் கார்பைடு டை வாங்கினால் எண்ணெய் தடவுகிற வேலை இல்லை. பிரைமர் குழாயில் பிரைமர்களை ஒவ்வொன்றாகக் குத்தி நிரப்புவது பொறுமையைச் சோதிக்கும். நூறு பிரைமருக்குப் பிறகு எனக்கே கழுத்து வலிக்கிறது, நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்க்கிறவன் நான். டைகள் மாட்டியிருக்கும் கருவித் தலையை இரண்டு ஊசியை உருவிக் கழற்றிவிடலாம், எனவே டைகளின் அமைப்பு கலையாமல் அப்படியே அலமாரியில் இருக்கும். கிரிம்பை இறுக்கிவிடாதீர்கள். வாட்கட்டர் மெத்தென்ற ஈயம், அடிப்பக்கம் குழிவு. அதிகம் நெரித்தால் ரவையே ஒடுங்கிவிடும். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் கேஸ்களைக் கலக்காதீர்கள். சுவரின் தடிமன் மாறும், ரவை உட்காரும் இறுக்கமும் மாறும். கண்ணாடி போடுங்கள், போனை வேறு அறையில் வையுங்கள், முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். இது ஈயம். ரீலோடிங் (சுட்ட கேஸில் மறுபடி தோட்டா செய்வது) பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, பிரெஸ் வாங்குவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். .22-ஐ ரீலோடு செய்யலாமா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். அது ரிம்ஃபயர், பிரைமர் கலவை கேஸின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. சுட்டால் அதோடு சரி.

சரி, மதிப்பெண்? அதற்குத்தானே இத்தனையும்.

முதலில் பெட்டித் தோட்டாவையும் என் தோட்டாவையும் மணல் மூட்டையில் பிஸ்டலைச் சாய்த்து வைத்துச் சுட்டுப் பார்த்தேன். இரண்டிலும் ஐந்து ஐந்தாக ஐந்து தடவை. பெட்டித் தோட்டா 25 முதல் 32 மில்லிமீட்டருக்குள் விழுந்தது. என்னுடையது 23 முதல் 30. மனசுக்குள் கொஞ்சம் குதித்தேன். அப்புறம்தான் உறைத்தது: 25 மீட்டர் நிதான இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். வேக இலக்கில் 100. நான் குறை சொன்ன பெட்டித் தோட்டா எல்லாமே பத்துக்குள் விழுகிற தோட்டா. ஏழிலும் எட்டிலும் விழுந்தவை நான் போட்டவை. அந்த மாதம் போட்டியில் என் மதிப்பெண் 543. மணிக்கணக்காகப் பொடி நிறுத்ததற்கு இரண்டு புள்ளி.

பெரியவரிடம் போனேன். அவர் சிரிக்கவெல்லாம் இல்லை. என் பிஸ்டலை வெறுமையாக்கிக் கொடுக்கச் சொல்லி, "கண்ணை மூடிக்கிட்டு தூக்கு. நின்னதும் கண்ணைத் திற" என்றார். செய்தேன். முன் குறி பின் குறியின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. மறுபடி செய்தேன், அதே இடம். பத்துத் தடவையும் அதே இடம். அதாவது ஒவ்வொரு தடவையும் தூக்கிய பிறகு மணிக்கட்டை முறுக்கிக் குறியைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நிதானச் சுற்றில் அதற்கு நேரம் இருக்கிறது. மூன்று நொடியில் இல்லை. அந்தப் பிஸ்டல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கிரிப் (கைப்பிடி) பெரிய கைக்காரருடையது. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை, பிஸ்டல் நல்ல பிஸ்டல்தான். என் கைக்கு இல்லை, அவ்வளவுதான்.

பிஸ்டல் தேடத் தொடங்கியபோது ஒன்று கவனித்தேன். எல்லோரும் காலிபரில் (குழாயின் துளை அளவில்) இருந்து தொடங்குகிறார்கள். விதிப்படி சென்டர்ஃபயரில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை எதுவும் சரி. 9 எம்எம் கூட அனுமதிதான். ஆனால் இந்தப் போட்டிக்குக் குறைந்தபட்ச பலம் என்று ஒன்றும் கிடையாது. எங்கள் கிளப்பிலேயே ஐபிஎஸ்சி (ஓடியாடி வேகமாகச் சுடும் போட்டி) சுடுகிற ஒரு பையன் இருக்கிறான். அவனுக்கு பவர் ஃபேக்டர் 125 வந்தாக வேண்டும், ரவையின் கிரெய்னை நொடிக்கு எத்தனை அடி என்பதால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து வருகிற எண் அது. என் தோட்டாவை அவனுடைய குரோனோகிராஃபில் (ரவையின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தோம். 98 கிரெய்ன் ரவை, நொடிக்கு 230 மீட்டர், கணக்குப் போட்டால் 74. "அண்ணா, இது கொசு அடிக்கிற பேட்" என்றான். இருக்கட்டும். காகிதத்தில் ஓட்டை விழ 74 போதும், உதை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சீக்கிரம் குறி திரும்பி வரும். .38-இல் வாட்கட்டர் சுடுகிற பழைய ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 52 ஒன்றையும் எடுத்துப் பார்த்தேன். அருமையான வேலைப்பாடு, தொழிலாளி என்ற முறையில் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் உதை கூட, உற்பத்தி நின்றும் பல காலம் ஆகிறது. .32-ஐ விட்டு நகரக் காரணம் இல்லை.

அப்புறம் மிஞ்சியவை வால்தர் ஜிஎஸ்பி, பார்டினி எச்பி. 1960-களின் கடைசியில் வந்த ஜிஎஸ்பியில் மேல்பகுதியையும் மேகஸினையும் (தோட்டா அடுக்கும் பெட்டி) மாற்றினால் .22 கூட .32 ஆகிவிடும். ஒரே டிரிகர், ஒரே கிரிப். இன்றும் நன்றாக வேலை செய்கிற பழைய ஜிஎஸ்பிகளை நிறையப் பார்க்கலாம். கிரிப் கையில் சரியாக உட்கார்ந்தால் கண்ணை மூடி வாங்கலாம். என் கையில் அதன் முன்பாரம் கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது, அது என் தோள்பட்டைப் பிரச்சினை. பார்டினி எச்பியைத் தூக்கி, கண்ணைத் திறந்தால் குறி கிட்டத்தட்ட நடுவில். வாங்கிவிட்டேன்.

எச்பியில் மேகஸின் டிரிகருக்கு முன்னால் இருக்கிறது, கிரிப்புக்குள் இல்லை. இது ஏதோ தோற்றத்துக்காக என்று நெடுநாள் நினைத்திருந்தேன். கிரிப்புக்குள் மேகஸின் இல்லாததால் மரத்தை எப்படி வேண்டுமானாலும் குடையலாம், கோணத்தை மாற்றலாம், கையை மேலே குழாய்க்கு நெருக்கமாகக் கொண்டுபோகலாம். குழாய் தாழ்வாக இருக்கும்போது உதை மேலே தூக்காமல் நேராகப் பின்னால் வரும். குறிகளுக்கு இடையிலான தூரம் விதி அனுமதிக்கிற முழு 220 மில்லிமீட்டர். டிரிகர் இரண்டு கட்டம். போட்டியில் 1000 கிராம் எடையைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். நான் 1030-இல் வைத்திருக்கிறேன், குளிர்நாளில் 1005-இல் வைத்துக்கொண்டு சோதனை மேசை முன்னால் வியர்க்க எனக்கு விருப்பமில்லை. இதன் .22 அண்ணன்தம்பி எஸ்பி. அதே கிரிப் கோணம், அதே டிரிகர் உணர்வு. என் பயிற்சியில் பாதிக்கு மேல் எஸ்பியில்தான், .32 தோட்டாவைச் சனிக்கிழமைக்கு மிச்சம் வைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. .32 விளிம்புள்ள கேஸ். மேகஸினில் ஐந்தையும் போடும்போது ஒவ்வொரு விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போனால் ஒன்று மற்றொன்றைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தோட்டாவில் நிற்கும். ரவைக்கு மூக்கு இல்லாததால் தோட்டாவின் நீளம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வாயிலிருந்து ரவை துளி எட்டிப் பார்த்தாலும் தோட்டா குழாயின் பின்முனை அறைக்குள் ஏற மறுக்கும். டில்லனுக்கு இங்கேதான் மதிப்பு. நூறு தோட்டாவை நிறுத்தி வைத்து மேலே இரும்பு அளவுகோலை வைத்தால் ஒளி கசியாது.

வாங்கிய கிரிப் என் கைக்குத் தொண்ணூறு சதவீதம்தான் பொருந்தியது. மிச்சத்துக்கு ஒரு டப்பா மரப்புட்டி, நாலு அரம். உள்ளங்கையில் குழிவு இருக்கும் இடத்தில் புட்டியை அப்பிக் கையால் இறுக்கிப் பிடித்து, காய்ந்ததும் அராவினேன். சுண்டுவிரல் அழுத்தினால் முன் குறி இடப்பக்கம் போகிறது என்று தெரிந்தது, அந்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் எடுத்துவிட்டேன். ஆள்காட்டி விரல் மரத்தை எங்கேயும் தொடக் கூடாது. அங்கே தாராளமாகச் சீவினேன். மூன்று வாரம், தினமும் அரைமணி நேரம். நகைக்கடைக்காரர்கள் இரண்டு பேர் என்னுடைய தாமதத்துக்குக் காரணம் இதுதான் என்று தெரிந்தால் என்ன சொல்வார்களோ. முடிந்தபோது பார்க்க அசிங்கமாக, சொறி பிடித்த மாதிரி இருந்தது. கண்ணை மூடித் தூக்கினேன், திறந்தேன். நடுவில்.

அடுத்த போட்டியில் 556. அதற்கடுத்ததில் 559. கூடியதில் பெரும்பாலானவை மூன்று நொடிச் சுற்றில் வந்தவை. டப்பாவில் பாதிப் புட்டி இன்னும் மிச்சம் இருக்கிறது.

ஆக, யாருக்கு எது? மாதம் இருநூறு தோட்டாகூடச் சுடாதவர்களுக்கு 550 வேண்டாம். சிங்கிள் ஸ்டேஜ் போதும், ஒரு வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு பொறுமையாகக் கற்றுக்கொள்ளவும் அதுதான் நல்லது. கிளப்பின் ஐபிஎஸ்சி பையன் மாதிரி வாரத்துக்கே பல நூறு 9 எம்எம் எரிக்கிறவர்களுக்கு 550-கூட மெதுவாகத் தெரியும். நடுவில் நிற்கிற என்னைப் போன்றவர்களுக்கு அளவான சட்டை. பார்டினியை வாங்கச் சொல்லியோ ஜிஎஸ்பியை வேண்டாமென்றோ நான் சொல்ல மாட்டேன். கண்ணை மூடித் தூக்கிப் பார்க்க விடாத கடையில் மட்டும் எதையும் வாங்காதீர்கள்.

பழைய சிங்கிள் ஸ்டேஜை விற்கவில்லை. பட்டறை மேசையின் இடது மூலையில் இன்னும் முறுக்கி வைத்திருக்கிறேன். புதுப் பொடியோ புது ரவையோ வந்தால் முதல் பத்துத் தோட்டா அதில்தான்.